எங்கேயும் போகாத தெரு

கரமனை,
செவ்வாய் காலை.

அன்புள்ள ஆதிராவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருப்பது முந்தாநாள் உன் குரலிலேயே தெரிந்தது, கொஞ்சம் மூக்கடைப்பு மட்டும் இருந்தது. ஆனாலும் கடிதம் எழுத உட்கார்ந்தால் அதைக் கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக் கை வரவில்லை. சுகந்தானே மக்களே? எழுத்துகளைப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நீ படித்தது மலையாளமும் இங்கிலீஷும். தமிழ் நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது மட்டும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. இங்கே மழை தொடங்கிவிட்டது. ஆறு கலங்கி, பழுப்பாக, கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது. தெருவில் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, அதன் மேல் பலகை போட்டு நடக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார், குறைத்தார், பதிலுக்குப் பலாப்பழத்தைக் கூட்டிக்கொண்டார். கேட்டால் அது பழம்தானே என்கிறார்.

உன்னோடு படித்த நீது லீவு முடிந்து வியாழக்கிழமை இரவு விமானம் ஏறுகிறாள். உங்கள் லைப்சிக் ஊரிலேயே அவளுக்கும் வேலை என்பது எனக்கு எவ்வளவு வசதி. பெட்டியில் நமக்கு இரண்டு கிலோ இடம் தந்திருக்கிறாள். நார்த்தங்காய் ஊறுகாய், எள்ளுப்பொடி, நேந்திரங்காய் வறுவல், இரண்டு காட்டன் நைட்டி. நைட்டியின் மடிப்புக்குள் இந்தக் கடிதம். சனிக்கிழமை உன் கையில் தந்துவிட வேண்டும் என்று அவளிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னோடு பேசுவதற்கு முன்னால் நீ இதைப் படித்திருக்க வேண்டும். அவர் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறார். நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி. போனில் சொல்லலாம், அவர் வீட்டில் இருக்கும்போது சொல்ல முடியாது, இல்லாதபோது உனக்கு வேலை நேரம். வாட்ஸாப்பில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். அனுப்பிவிட்டு, நீ படித்துவிட்டாய் என்று நீல அடையாளம் வந்த பிறகு, அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வரும். என்னால் ஆகாது. கடிதம் என்றால் எப்போது படிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அது ஒரு மறைவு.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ போன புதிதில் காலை டிராமில் ஏறியதும் என்னைக் கூப்பிடுவாய். உனக்கு ஒன்பது ஐந்து, எனக்கு மத்தியானம் பன்னிரண்டு முப்பத்தைந்து. அடுக்களையில் நின்றுகொண்டு பேசுவேன். ஒரு நாள் நீ கூப்பிட்டபோது நான் மருந்து வாங்கக் கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். இரைச்சலாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்றேன். வேண்டாம்மா வைக்காதே, ஹார்ன் கேக்குது, கண்டக்டர் கத்துறது கேக்குது, அப்படியே வச்சிரு என்றாய். பழவங்காடி தாண்டும்போது பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைகிற சத்தம் உனக்கும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சினாய். குளிர் என்றாய். மறுநாளிலிருந்து நான் அந்த நேரத்துக்கு பஸ்ஸில் ஏற ஆரம்பித்தேன். நம் தெரு முனையில் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு எடுக்கிற சின்ன பஸ். கிள்ளிப்பாலம், கோட்டை, ஈஞ்சக்கல், வள்ளக்கடவு, சங்குமுகம். அங்கே பத்து நிமிஷம் நின்று அதே வழியில் திரும்பும். எங்கே போகிறாய் என்று நீ கேட்டால் பூ வாங்க என்றேன், லைப்ரரிக்கு என்றேன், கரண்டு பில் கட்ட என்றேன். எங்கும் போகவில்லை மக்களே. ஏறி, கடைசி ஸ்டாப் வரை போய், இறங்காமல் திரும்பி வந்தேன். குளிர்காலத்தில் உங்கள் ஊரில் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அப்போது நீ கூப்பிடும்போது என் பஸ் கடற்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும். கோடையில் போகும் வழியில் பேச்சு. குளிரில் வரும் வழியில். நீ உன் டிராமில், நான் என் பஸ்ஸில். இரண்டும் போய்க்கொண்டிருக்கும். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் ஒன்பது மணிக்கு ஆரியசாலைக் கடைக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார். சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்றும் தோன்றியது, சொன்னால் தீர்ந்துவிடும் என்றும் தோன்றியது.

போன அக்டோபரில் நீ ஆபீஸ் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டாய். நடந்து போகிற தூரம். நடக்கும்போது காத்து சத்தம்மா, பேச முடியல, ஞாயித்துக்கிழமை பேசலாம் என்றாய். நல்ல வீடு, வெயில் வருகிற ஜன்னல் என்று படம் அனுப்பினாய். எனக்குச் சந்தோஷம்தான். மறுநாள் பன்னிரண்டரைக்குச் செருப்பு போட்டுக்கொண்டு நின்றேன். பழக்கம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் விட்டுவிடும் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆகிறது. இன்னும் போகிறேன்.

இனி இந்த ஊர்க் கதைக்கு வருகிறேன். நகரத்தின் பஸ்களையும் ரோடுகளையும் சீர்படுத்த ஒரு பெரிய திட்டம் போடுகிறார்கள். அதற்காக ஜனவரியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நம் தெருவுக்கு வந்தது விஷ்ணுப்ரியா என்று ஒரு என்ஜினீயரிங் மாணவி, கையில் ஸ்லேட் அளவு ஒரு டேப், முதுகில் அவளை விடப் பெரிய பை. நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன், சாவி இன்னும் துவாரத்தில். பின்னாலிருந்து சேச்சி எங்கோட்டா என்றாள். உனக்குத் தெரியும், வாசலில் கால் வைத்தவளிடம் எங்கே என்று கேட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம் என்று. பூட்டைத் திறந்தேன், உள்ளே போனேன், ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணும் கூடவே வந்து உட்கார்ந்து, நேற்று எங்கெல்லாம் போனீர்கள், எத்தனை மணிக்கு, எதில், எதற்கு என்று மலையாளத்தில் வரிசையாகக் கேட்டாள். எங்கேயும் போகிறதில்லை மோளே என்றேன். பாதி பழக்கத்தில் வந்த வாய். மீதிப் பாதி, எதற்கு என்று கேட்டால் சொல்ல என்னிடம் அப்போது எதுவும் இல்லை. பூஜ்யம் என்று தட்டிக்கொண்டாள். அன்றைக்கு பஸ் போய்விட்டது.

தெரு முழுக்க இதையே சொல்லியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வீட்டு செல்லபாய் வாரம் நாலு நாள் அதே பஸ்ஸில் வள்ளக்கடவில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போகிறாள். அந்தத் தங்கையோடு செல்லபாயின் வீட்டுக்காரர் பேச்சு விட்டுப் பதினோரு வருஷம். எதிர் வீட்டு பிச்சம்மாளுக்குத் தோள்பட்டை தூக்க முடியவில்லை, பிசியோதெரபிக்குப் போகிறாள், இளையவளுக்கு வரன் பேசிக்கொண்டிருப்பதால் தாய்க்கு நோவு என்று வெளியே தெரியக் கூடாதாம். இதை நீ யாரிடமும் சொல்லாதே, நீதுவிடம் கூட. பஸ்ஸில் பார்த்தால் ஒருவருக்கொருவர் தலையை ஆட்டிக்கொள்வோம். தெருவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பெண் டேப்போடு வந்தபோது பிச்சம்மாள், நான் இந்த நடையைத் தாண்டி எத்தனை வருசமாச்சு என்று பெருமூச்சு விட்டாளாம். கையில் ஆஸ்பத்திரிப் பை.

போன மாதம் திட்டத்தின் வரைவு வந்தது. அப்பா நகல் எடுத்துக்கொண்டு வந்தார். உனக்குத்தான் தெரியுமே, அரசாங்கம் கருத்துச் சொல்லுங்கள் என்று எதற்குக் கேட்டாலும் பதில் எழுதும் ஒரே மனுஷர் அவர். ஆரியசாலைச் சந்துகளில் லாரிகளைக் காலை எட்டு மணிக்கு முன்னால் சரக்கு இறக்கச் சொல்ல வேண்டும் என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். கடைசியில் நம் தெருப் பக்கத்தைப் புரட்டி என்னைக் கூப்பிட்டு, உலகு, இங்க பாரு, மின்சார பஸ் வருது, மெயின் ரோட்டில ஃபேன் வச்ச ஸ்டாப் வருது, தெருவுக்குள்ள வாற பஸ்ஸு காலையும் சாயங்காலமும் மட்டும் போருமாம், மத்தியானம் யாரும் ஏறுறதில்லையாம், சரிதானே என்றார். சரிதான் என்றேன். அவர் கை கழுவப் போன பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். தடிமனான சிவப்புக் கோடுகள், நீலக் கோடுகள். நம் தெருவுக்கு முடி மாதிரி ஒரு சாம்பல் கோடு. பத்து மணி முதல் நாலு மணி வரை நம் தெருவில் யாருமே இல்லை. பெண்கள்தான் இருந்தோம்.

ஆட்சேபம் சொல்ல நேற்று கடைசி நாள். சந்திப்பில் இருக்கும் சமூகக் கூடத்தில் கூட்டம். அப்பா அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில். நாங்கள் ஏழெட்டுப் பேர் கடைசியில். வரும் வழியிலேயே பிச்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏ உலகு, நீதான் எம்மே படிச்சவ, நீ எந்திரிச்சுப் பேசு, ஆனா எங்க பேரைச் சொல்லப்பிடாது, எங்க போறோம்னும் சொல்லப்பிடாது, பஸ்ஸு மட்டும் வேணும்னு சொல்லு என்றாள். தத்துவம் படித்ததற்கு முதல் முறையாக ஒரு வேலை வந்தது. மேடையில் ஹரிகுமார் என்று ஒரு என்ஜினீயர், நல்ல மனிதர், தூக்கம் போதாத கண். பக்கத்தில் அதே விஷ்ணுப்ரியா குறிப்பெடுக்க. அப்பா லாரியைப் பற்றி நன்றாகப் பேசினார், கை தட்டினார்கள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார், இந்தப் பெயரில் இன்னொருத்தி இருக்கிறாளா என்பது போல.

மத்தியான பஸ்ஸை நிறுத்தக் கூடாது என்றேன். ஏன் என்றார். ஆட்கள் போகிறோம் என்றேன். பஸ்ஸுக்கு ஆள் வேண்டும் சேச்சி, கணக்கில் ஆளே இல்லையே என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கணக்கில் நாங்கள் பொய் சொன்னோம் என்றேன். கூடத்தில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. சரி, நீங்கள் எங்கே போகிறீர்கள், எதற்கு, அது இல்லாமல் நான் இதில் ஒன்றும் எழுத முடியாது என்றார். பின்னாலிருந்து பிச்சம்மாள் என் புடவைத் தலைப்பை இழுத்தாள். மற்றவர்களுடையதைச் சொல்ல முடியாது. என்னுடையது ஒன்றுதான் இருந்தது. சங்குமுகம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன், தினமும் என்றேன். எதற்கு? மகளோடு பேச. மகள் சங்குமுகத்தில் இருக்கிறாளா என்றார். ஜெர்மனியில் என்றேன். மறுபடி சிரிப்பு. பேசுவதற்கு பஸ் எதற்கு என்று யாரோ கேட்டார்கள். அவளுக்கு ஊர்ச் சத்தம் கேட்க வேண்டும் என்றேன். அதோடு சிரிப்பு நின்றது. விஷ்ணுப்ரியா தலையைக் குனிந்து எழுதினாள். மகளோடு பேச. அரசாங்கப் பதிவில் அப்படித்தான் இருக்கிறது ஆதிரா, நீ தினமும் என்னோடு பேசுகிறாய். எட்டு மாதமாக ஞாயிறு தவிர நீ பேசவில்லை என்பதை அங்கே நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் பஸ் போய்விடும் என்பதால் சொல்லவில்லை என்று நேற்று நினைத்தேன். இன்று காலை அப்படித் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தை ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு செல்லபாய் எழுந்தாள். சார், நானும் போறேன், ஆனா எங்கேன்னு கேட்டீங்கன்னா அடுத்த ஸ்டாப்பிலே எறங்கிருவேன் என்றாள். பிச்சம்மாளும் எழுந்தாள். வரிசை முழுக்க எழுந்தது. ஹரிகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எங்கே என்று இனி யாரையும் கேட்க வேண்டாம், ஸ்டாப்பில் நின்று ஏறுகிற தலைகளை மட்டும் எண்ணுவோம் என்றார். புதன், வியாழன், வெள்ளி. தினமும் இருபத்தைந்து பேர் ஏறினால் பஸ்ஸை எடுக்க மாட்டார்கள். செல்லபாய் என் காதில், மைனி, நீ கெட்டிக்காரி, என்ன ஒரு கதை கட்டினே என்றாள்.

நேற்று சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து, சாப்பிட்டு, தட்டை அவரே கழுவி வைத்தார். என்றைக்கும் செய்யாத காரியம். பிறகு கட்டிலின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, தினமும் பேசுறீங்க, எனக்கு ஞாயித்துக்கிழமை ஏழு நிமிசம் என்றார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் விசா, பேங்க்கு, இன்ஷூரன்ஸ்னு கேட்டா உம் உம்ங்கிறா, உன்கிட்ட தினம் முக்கா மணிக்கூர் என்னத்தைப் பேசுகா என்றார். அவகிட்டயே கேக்கப் போறேன், சண்டைக்கு இல்ல, நான் எதைத் தப்பாப் பேசுறேன்னு கேக்கணும் என்றார். இதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை கேட்பார். ஆமாம் அப்பா, அம்மாவோடு தினமும் பேசுகிறேன் என்று நீ சொன்னால் அவர் மனம் இன்னும் வாடும். இல்லை என்றால் நான் ஊர் முன்னால் பொய் சொன்னவள், அதைவிட, எட்டு மாதமாக வெறும் பஸ்ஸில் போய் வருகிறவள். எதைச் சொல் என்று உன்னிடம் கேட்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன். நாலு பக்கம் எழுதிவிட்டேன், இன்னும் தெரியவில்லை. அடுப்பில் பருப்பு.

புதன், மூன்று மணி.

இப்போதுதான் வீட்டுக்குள் வந்தேன். செருப்பைக் கூட ஓரமாக வைக்கவில்லை. எண்ணிக்கையின் முதல் நாள் இன்று. பன்னிரண்டு இருபதுக்குத் தெரு முனையில் திருவிழா. கணக்கில் வருவதற்காக, ஒருநாளும் பஸ் ஏறாதவர்கள் கூடப் புடவை மாற்றி வந்துவிட்டார்கள். பிச்சம்மாள் வரன் பேசிக்கொண்டிருக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல. குடைக்குக் கீழே விஷ்ணுப்ரியா, கையில் எண்ணுகிற சின்ன யந்திரம், வாயை இறுக்க மூடிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல். முப்பத்திநாலு பேர். கண்டக்டர் பயந்துபோய், எந்தா, நாளைக்கு பந்த்தா, பஸ் ஓடாதா என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முப்பத்திநாலாவது ஆள் உன் அப்பா. கடையிலிருந்து வந்திருக்கிறார், கையில் டிபன் பாத்திரம், மழையில் நனைந்த தலை. நேராகப் பின்வாசலில் ஏறிக்கொண்டார். நான் முன்பக்கம், பெண்கள் சீட்டில். எண்ணிக்கைக்கு ஒரு தலை கூட்டித் தர வந்தார் என்று நினைத்தேன். கிள்ளிப்பாலத்தில் திரும்பிப் பார்த்தால் அவர் என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டையிலும் அப்படியே. ஈஞ்சக்கல்லில் கூட்டம் குறைந்தது, அப்போது எழுந்து சீப்பால் தலையைச் சீவிக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது மக்களே. நீ கூப்பிடுவாய் என்று வந்திருக்கிறார். கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில்.

வள்ளக்கடவு தாண்டி பஸ் காலியான பிறகு எனக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, இன்னும் கூப்பிடலையே, இன்னிக்கு லீவா அவளுக்கு என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். வாயில் இருந்தது. அவள் அக்டோபரிலிருந்து கூப்பிடுவதில்லை என்றேன். அப்ப ஹாலிலே சொன்னது என்றார். பொய் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வந்தது நிம்மதி. அதை அவரால் மறைக்க முடியவில்லை. அவரை மட்டும் விட்டுவிட்டு நாம் இருவரும் எங்கேயும் போகவில்லை என்ற நிம்மதி. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சங்குமுகத்தில் டிரைவரும் கண்டக்டரும் டீக்குப் போனார்கள். கடல் தெரிகிற இடம்தான், ஆனால் மழையில் கடலும் வானமும் ஒரே சாம்பல். இவ்வளவு நாளும் நான் இங்கே இறங்கியதில்லை என்றேன். இறங்கலாமா என்றார். மழை என்றேன். டிபனைத் திறந்து புளிச்சோற்றில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினார். ஒரு விமானம் மிகத் தாழ்வாக எங்கள் தலைக்கு மேலே போயிற்று. சத்தம் முடியும் வரை இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தோம்.

திரும்பி வரும்போது, நாளைக்கும் போவியா என்றார். போவேன் என்றேன். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த நேரத்தில் உடம்பு அசைய வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து காத்திருப்பதை விட, போய்க்கொண்டே காத்திருப்பது எளிது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கோட்டையில் இறங்கிக் கடைக்கு நடந்தார். பஸ் சிக்னலில் நிற்கும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து, நான் போனில் பேசுறப்ப அவளைப் பேச விடுறதில்லையோ என்றார். நான் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்து பஸ் கிளம்பிவிட்டது.

வியாழன், மத்தியானம்.

ஆறு மணிக்கு நீது வருவாள். சுருக்கமாக முடிக்கிறேன். இன்று இருபத்தொன்பது பேர். செல்லபாய் தன் வீட்டுக்காரரையே தெரு முனை வரை குடை பிடித்துக் கொண்டுவந்து விடச் செய்தாள், பஸ்ஸைக் காப்பாற்ற என்று சொல்லி. அவர் மச்சினி வீட்டுக்குத் தன் கையாலேயே வழியனுப்பி வைத்தார், பாவம், தெரியாமல். நாளை ஒரு நாள் பாக்கி. முடிவு அடுத்த மாதம் வரும் என்கிறார்கள். மத்தியான பஸ் தப்பிக்கலாம், மழை வலுத்து நாளை ஆள் குறைந்தால் தப்பாமலும் போகலாம், எனக்குத் தெரியாது. இன்று அப்பா வரவில்லை, கடையில் சரக்கு வருகிற நாள். நேற்று ராத்திரியே சொல்லிவிட்டார், ஆதிராகிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன், நீ கவலைப்படாதே என்று.

ஆகவே இந்தக் கடிதத்துக்கு இனி வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை, நீ எதையும் யோசித்து வைக்க வேண்டியதும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் கொடுத்தனுப்பலாம் என்று காலையில் கையில் எடுத்தேன். மடித்து நைட்டிக்குள் வைத்தேன். நீ தினமும் கூப்பிட வேண்டும் என்று இதை எழுதவில்லை என்று சொன்னால் அது என் மூன்றாவது பொய்யாகிவிடும். கூப்பிடு என்று எழுதினால் நீ கடமைக்குக் கூப்பிடுவாய், காற்றில், கை விறைக்க, ஒரு கண் கடிகாரத்தில். அதுவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தால் எழுதியிருப்பேன். இல்லாததால் இந்தப் பக்கங்களை அனுப்புகிறேன்.

மூக்கடைப்புக்கு ஆவி பிடி. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் நடக்காதே. ஊறுகாய் பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது நிமிர்த்தி வைத்துப் பிரி, எண்ணெய் இறங்கியிருக்கும். நீதுவை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. நீ இருக்கும் இடத்தில் உனக்கு நல்ல உறக்கமும் நல்ல மனிதர்களும் அமையட்டும், போன காரியமெல்லாம் நேராகட்டும்.

அப்பாவின் அன்பும் என் முத்தங்களும்.

உன்
அம்மா
உலகம்மை